எனக்கு ஒரு தம்பி இருந்தான்

கெர்மோர்
1978 அக்டோபர் 14

அன்புள்ள அக்கா ஓதீலுக்கு,

தம்பி குல்வென் எழுதுவது. நானும் லூசெட்டும் சுகம். உன் இருமல் விட்டதா? பாரிஸில் குளிர் தொடங்கியிருக்கும். ஐந்தாவது மாடி அறையில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா என்று லூசெட் கேட்கச் சொன்னாள்.

நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. நான் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதிலும் உன் புத்தகத்தில் கமாவும் இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. எங்கே மூச்சு வாங்குவது என்றே தெரியவில்லை. ஆனாலும் என் அக்கா எழுதியதாயிற்றே என்று சிப்பி கழுவி விற்கிற என் கொட்டகையில் உட்கார்ந்து தினம் இரண்டு பக்கம் படித்தேன். முப்பத்தோராம் பக்கத்தில் நான் செத்துப்போனேன்.

லூசெட்டிடம் காட்டினேன். "இது நீங்க இல்லீங்க. கதைக்கு வச்ச பேரா இருக்கும்" என்றாள். "அட்டையில சுயசரிதைன்னு போட்டிருக்கேடி" என்றேன். அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள்.

ஃபான்ஷின் மதுக்கடையில் செய்தி எப்படியோ பரவிவிட்டது. உள்ளே நுழைந்ததுமே, "வாய்யா பொணம்! ஒனக்கு ஊத்த முடியாது. ஒம்பது வயசுல செத்தவனுக்கு ஊத்துனா என்னைப் போலீஸ் புடிக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கோபம் இல்லை. ஏன் என்று மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா கன்னியர் நடத்துகிற முதியோர் இல்லத்தில் ஓரளவு பழகிவிட்டாள். ஞாபகம் வந்து வந்து போகிறது. பக்கத்து வீட்டு மரி-ஆஞ்ஜ் உன் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்திருக்கிறாள். சாப்பாட்டுக்குப் பிறகு சிஸ்டர் அனஸ்தாசி கொஞ்சம் கொஞ்சமாக வாசித்துக் காட்டுகிறாராம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி,
குல்வென்

---

பாரிஸ்
1978 நவம்பர் 2

அன்புள்ள குல்வென்,

உன் கடிதம் கண்டேன். லூசெட்டுக்கு என் அன்பு. இருமல் விடவில்லை, பழகிவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? தண்ணீருக்குள் அதிக நேரம் நிற்காதே.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் சொல்ல முடிந்திருந்தால் புத்தகமே எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் காலையில் "எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்று ஒரு வாக்கியம் வந்தது. சின்ன வயதைப் பற்றி எழுதுகிறேன், அதனால் இறந்தகாலம். அவ்வளவுதான். "இருக்கிறான்" என்று மாற்றிப் பார்த்தேன், வாக்கியம் நொண்டியது. "இருந்தான்" என்று விட்டதும் அடுத்த வரி தானாக வந்து நின்றது. அதற்கடுத்த வரியில் தண்ணீர் வந்துவிட்டது. நான் உன்னைச் சாகடிக்கவில்லை, குல்வென். ஓசை போன வழியில் போனேன், அங்கே நீ இல்லாமல் இருந்தாய்.

இன்னொன்று. அந்தப் புத்தகத்தில் "நான்" என்று பேசுகிறவள் நான் இல்லை. எழுத ஆரம்பித்ததுமே அவள் வேறு ஆளாகிவிட்டாள். அவளுடைய தம்பியும் நீ இல்லை. நடந்ததை நடந்தபடி ஒப்பிப்பதுதான் சுயசரிதை என்பதை இங்கே இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இதை நான் உனக்கு விளக்குவதே வேடிக்கையாக இருக்கிறது. நீ ஃபான்ஷ் கடைக்காரர்களோடு சேர்ந்து சிரித்தது நல்லது.

அம்மா உண்மையாகவே கேட்கிறாளா? புரிகிறதா அவளுக்கு? எந்தப் பக்கம் வரை வந்திருக்கிறார்கள்?

அன்புடன்,
ஓதீல்

---

கெர்மோர்
1978 நவம்பர் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என் இடுப்பும் லூசெட்டும் சுகம். அம்மா விஷயம் வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வெண்ணெய் கேக் எடுத்துக்கொண்டு போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடியில் உன் புத்தகம். கன்னத்தில் முத்தம் கொடுக்கக் குனிந்தேன். தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யாருங்க?"

"நான்தாம்மா. குல்வென்."

அவள் முகம் போன போக்கை உனக்கு எப்படி எழுதுவது! "பாவம் புடிச்ச வேலை பண்ணாதீங்க. எம் புள்ள செத்துட்டான். ஒம்பது வயசு. தண்ணி கொண்டு போயிருச்சு" என்றாள்.

"அது அக்கா எழுதுன கதைம்மா."

"எம் பொண்ணு பொய் எழுத மாட்டா."

சிஸ்டர் அனஸ்தாசி என்னை வெளியே கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவர் தூரத்தில் சாந்த் ஊர்ப் பக்கம் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு முன்னால் செத்துப்போன ஒரு அண்ணன் இருந்திருப்பான் போல, அவன் பெயரையே எனக்கு வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்தாராம். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லி அம்மா கேட்கிறாளாம், இவரும் வாசித்திருக்கிறார்.

அக்கா, நீ வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். நான் சொன்னால் நம்பவில்லை. எழுதினவள் சொன்னால் நம்புவாள். ஓரே ஊர் ரயில் ஸ்டேஷனுக்கு நான் வண்டி கொண்டுவருகிறேன். காலையில் வந்தால் சாயங்காலமே திரும்பிவிடலாம்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
குல்வென்

---

பாரிஸ்
1978 டிசம்பர் 18

அன்புள்ள தம்பி,

உங்கள் இருவருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. லியோனில் ஒரு கூட்டம், பிறகு வானொலியில் ஒரு பேட்டி, நடுவில் காய்ச்சல்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்கு ஞாபகம் போவது ஜூனிலிருந்தே நடக்கிறது, என் புத்தகத்தால் அல்ல. இன்று உன்னை மறந்தாள், நாளை என்னை மறப்பாள். புது வருடம் பிறந்ததும் வருகிறேன். அதுவரை உன் கல்யாணப் படங்களை எடுத்துப்போய்க் காட்டேன்.

ஒரு சின்ன உதவி. அம்மா எந்த வரிகளைத் திரும்பச் சொல்கிறாள்? அவள் வாயில் வருகிறபடியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஓதீல்

---

கெர்மோர்
1979 ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருட வாழ்த்து. காய்ச்சல் குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். சால்வை வந்தது. அம்மா அதைப் போர்த்திக்கொண்டே இருக்கிறாள், கழற்ற விடுவதில்லை.

நீ கேட்ட வரிகள்: "தண்ணீர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, பிறகு பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்தது." இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சூப் குடிக்கும்போதும் சொல்கிறாள். நல்ல வரிதான். எனக்கே அழுகை வருகிறது, அப்படியானால் பார்த்துக்கொள்.

கல்யாணப் படத்தைக் காட்டினேன். குடும்பப் பதிவேட்டைக் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதையாகப் பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, "நல்ல மனுசரா இருக்கீங்க. எம் பையன் இருந்திருந்தா ஒங்க வயசு இருக்கும்" என்றாள். இப்போது அவளுக்கு நான் "ஞாயித்துக்கிழமை வர்ற ஐயா". கேக் கொண்டுவந்தால் நன்றி சொல்கிறாள். என் அம்மா எனக்கு நன்றி சொல்கிறாள், அக்கா!

மற்றதையும் எழுதிவிடுகிறேன். நான் இதைப் பற்றி யாரிடமும் பேசினதில்லை, உன்னிடமும். எனக்கு ஒன்பது வயதில், கடல் உள்வாங்குகிற செப்டம்பர் பெரிய வற்றில் மட்டி பொறுக்கப் போனோமே, அன்றைக்குத் தண்ணீரில் மாட்டினது நான் இல்லை. நீ. ஓடையில் சேறு இழுத்து நீ கழுத்துவரை போய்விட்டாய். நான் மட்டி வாருகிற கம்பை நீட்டினேன், நீ பிடித்துக்கொண்டு ஏறினாய். "அம்மாகிட்ட சொன்னா கொன்னுருவேன்" என்றாய். சொல்லவில்லை. துணி நனைந்ததற்கு இரண்டு பேருக்கும் அறை விழுந்தது. அவ்வளவுதானே நடந்தது?

ஓசை போன வழியில் போனேன் என்று எழுதியிருந்தாய். ஓசைக்கு எப்படி அந்த ஓடை தெரியும்?

எப்போது வருகிறாய்?

குல்வென்

---

பாரிஸ்
1979 ஜனவரி 30

அன்புள்ள குல்வென்,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொல்வது சரி. முங்கினது நான்தான்.

"நான் மூழ்கினேன்" என்று எழுத எத்தனை வருடம் முயன்றேன் தெரியுமா? "நான்" என்று எழுதினதுமே உலர்ந்த துணியோடு கரையில் நிற்கிற ஒருத்திதான் வருகிறாள். அழகாகப் பேசுகிறாள், விளக்கம் சொல்கிறாள். ஓடையில் நின்றவளுக்கு வாய் நிறைய சேறு. அவளால் "நான்" என்று சொல்ல முடியாது. அவளுக்கு இலக்கணமே கிடையாது. காற்புள்ளியை எடுத்தேன், முற்றுப்புள்ளியை எடுத்தேன், வாக்கியத்தை உடைத்துப் போட்டேன். அப்போதும் அவள் பேசவில்லை. ஒரு நாள் உன் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். உடனே எல்லாம் வந்தது. குளிர் வந்தது, மண்ணின் நாற்றம் வந்தது, மேலே வானம் சின்னதாகிப்போனது வந்தது. அதை எழுதி முடித்த அன்றைக்குத்தான் எனக்குக் கனவில்லாமல் தூக்கம் வந்தது.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சரி என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

பிப்ரவரியில் கட்டாயம் வருகிறேன்.

ஓதீல்

---

கெர்மோர்
1979 பிப்ரவரி 25

ஓதீலுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய்.

அம்மா எனக்குப் பூசை வைக்கச் சொல்லிவிட்டாள். சாமியார் கொட்டகைக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றார். "உசுரோட இருக்கிறவனுக்கு நான் எப்படிப்பா இறந்தவங்க பூசை வைக்கிறது? பிஷப்புக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு? ஆனா அந்தம்மா தினமும் ஆள் விட்டுக் கேக்குறாங்க."

"வைங்க சாமி" என்றேன். "ஒம்பது வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான்ல, அவன் இப்ப இல்லதானே."

வியாழக்கிழமை காலையில் வைத்தார். அம்மாவை நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசைக்கு நடந்தாள். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள், பக்திக்கு இல்லை, வேடிக்கை பார்க்க. சாமியார் என் பெயரைச் சொன்னபோது பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். என் தோளில் சாய்ந்து எனக்காக அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய?

திரும்ப இல்லத்தில் விடும்போது சிஸ்டர் அனஸ்தாசி சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கலாமே. போன வாரந்தான் அக்கா வந்துட்டுப் போனாங்க. அம்மாவக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுதாங்க. பார்த்து எனக்கே தாங்கல."

நான் எல்லாம் தெரிந்தமாதிரி தலையாட்டினேன்.

ஓரே ஸ்டேஷனிலிருந்து வாடகை வண்டி என் கொட்டகை வாசல் வழியாகத்தான் போகும். வேறு பாதை கிடையாது. நீ வந்தாய், போனாய். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், அவளோடு உட்கார்ந்து அழுதிருக்கிறாய்.

யாருக்காக அழுதாய், ஓதீல்?

குல்வென்

---

கெர்மோர்
1979 மார்ச் 14

அக்கா,

நீ பதில் போடவில்லை. அது இருக்கட்டும். அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. அவளுடைய வயதுக்கு ஊசி எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். மூச்சு விடுவதைப் பார்க்க முடியவில்லை. லூசெட்டும் நானும் மாறி மாறி இருக்கிறோம். நீ அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம். சும்மா வா.

குல்வென்

---

பாரிஸ்
1979 மார்ச் 17

அன்புள்ள குல்வென்,

உன் இரண்டு கடிதங்களும் என் முன்னால் இருக்கின்றன. திங்கட்கிழமை வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அதற்கு முன்பே இதை எழுதியாக வேண்டும், நேரில் எனக்கு வாய் வராது.

சொல்லத்தான் வந்தேன். கதவருகில் நின்றேன். உள்ளே அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம் புத்தகத்தைக் காட்டி, "எம் மூத்தவ எழுதுனது. அவ எழுதுனா கல்லுகூட அழும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ யோசித்துப் பார். நான் பிறந்ததிலிருந்து அம்மா வாயில் நான் எப்படி வந்திருக்கிறேன்? "மூத்தவ பாரிஸ்ல இருக்கா, என்னமோ எழுதுறாளாம்." அவ்வளவுதான். நீ வலை பின்னினால் ஊரெல்லாம் சொல்வாள், நீ முதல் சிப்பி விற்ற அன்றைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான் எழுதிய எதையும் அவள் திறந்ததில்லை. இப்போது என் வரியை மனப்பாடமாகச் சொல்கிறாள். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி, "எனக்கு நீ மட்டுந்தாண்டி மிச்சம்" என்றாள்.

நான் உள்ளே போனேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உன்னை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன், எனக்கு என்ன இருந்திருக்கும்?

அவள் அழுதாள், நானும் அழுதேன். நடிக்கவில்லை. உனக்காகத்தான் அழுதேன், நீ கொட்டகையில் சிப்பி கழுவிக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்தே. உன் வாசல் வந்தபோது வண்டியில் தலையைக் குனிந்துகொண்டேன்.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த பதிப்பில் அந்தப் பக்கங்கள் இருக்காது. அம்மாவிடமும் திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன். அவளை அதுவரை பார்த்துக்கொள்.

ஓதீல்

---

கெர்மோர்
1979 ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். லூசெட் உன் கறுப்புக் கையுறையைத் துவைத்து வைத்திருக்கிறாள், தபாலில் அனுப்புகிறாளாம். எனக்கு இடுப்பு பரவாயில்லை. தினமும் வற்றுக்குப் போகிறேன், வேலை கிடக்கிறது.

உன் கடிதமும் அம்மாவின் சவப்பெட்டியும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தன. நீ ஞாயிற்றுக்கிழமையே கிளம்பியிருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். கிளம்பியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டாய், அம்மா சனிக்கிழமையே போய்விட்டாள்.

அடக்கத்தில் நாம் பேச முடியவில்லை. ஊர்ப் பெண்கள் வரிசையாக வந்து உன்னைக் கட்டிப் பிடித்து, "அம்மாவும் போயிட்டாங்க, தம்பியும் இல்ல" என்று மூக்குறிஞ்சினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும், என்னிடம் சிப்பி வாங்குகிறவர்கள்தான். ஆனாலும் அந்த நேரத்துக்கு அதுதான் வாயில் வந்தது. உன் எழுத்துக்கு அவ்வளவு பலம். ஃபான்ஷ் மட்டும்தான் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தான். "இன்னிக்கு ஊத்துறேன், வா" என்றான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இன்னொரு நாள் வந்தாலும் வரும், வராமலும் போகலாம். கடிதம் போடுவதை மட்டும் நிறுத்தாதே.

அந்தப் பக்கங்களை எடுக்க வேண்டாம் என்று பதிப்பாளரிடம் சொல்லிவிடு. ஏன் என்று நீ கேட்பாய். அதற்கு முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கல்லறை வாசலில் வைத்து, கடைசியில் அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றேன். அது பொய்.

அன்று மத்தியானம் லூசெட் சாப்பிடப் போயிருந்தாள், நான் மட்டும் இருந்தேன். அம்மா கண்ணைத் திறந்து என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "வந்துட்டியாடா" என்றாள்.

ஐயா என்று கூப்பிடவில்லை, அக்கா. வாடா போடா என்றாள்.

"வந்துட்டேம்மா."

"தண்ணி ரொம்பக் குளுந்துச்சா?"

தன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிற செத்துப்போன மகனிடம் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று அடித்துச் சொல்ல அதுதான் கடைசி நேரம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி ஐயாவாகியிருப்பேன்.

"இல்லம்மா. குளுரல."

கொஞ்சம் மூச்சு வாங்கினாள். அப்புறம் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அக்கா? அக்கா கரையேறிட்டாளா?"

அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்த நனைந்த துணியைப் பார்த்த அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரியுமோ, இல்லை உன் புத்தகத்தில் வருகிற பெண்ணைத்தான் கேட்டாளோ.

"ஏறிட்டாம்மா" என்று சொன்னேன்.

உன் தம்பி,
குல்வென்